நாற்காலிக் கையில் விரித்த இலை

மலாக்காவின் காஜா பெராங்கில் சிவகாமசுந்தரியின் வீட்டுக் கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி கிடந்தது. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல். கைகள் இரண்டும் பலகை போல அகலம். ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பல் ஏறுமுன் விற்றுவிட்டுப் போனது. பண்டார் ஹிலிரில் பழைய சாமான் கடை வைத்திருந்த கபீர் ராவுத்தர் அதை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார். வாங்கியவர் சிவகாமசுந்தரியின் கணவர் தேவதாஸ் பிள்ளை. ஐந்து வருஷம் அதில் சாய்ந்திருந்தார். ஐம்பத்தேழு ஜூலையில் அதிலேயே உயிர் போயிற்று. மலாயா சுதந்திரம் பெற ஒரு மாதம் பாக்கி இருந்தது.

செப்டம்பரில் ஜெயபாலன் அந்த வீட்டுப் பக்க அறைக்குக் குடிவந்தான். நில அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா உத்தியோகம். வயது இருபத்தெட்டு. சிங்கப்பூரில் கல்லூரிப் படிப்பு. ஆகஸ்டில் அவன் மனைவி மல்லிகா பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தையும் தங்கவில்லை. கிளேபாங்கில் இருவரும் இருந்த வீட்டைக் காலி செய்தான். ஏன் என்று சிவகாமசுந்தரி கேட்டதற்கு, "அங்கே கொடி கட்டியிருக்கு" என்றான். மல்லிகா துணி காயப்போடக் கட்டிய கொடியைச் சொல்கிறான் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவன் அழுததை யாரும் பார்க்கவில்லை.

சிவகாமசுந்தரி மலாக்காச் சிட்டி; பல தலைமுறைக்கு முன் வந்த தமிழ் வணிகர்களும் மலாய்ப் பெண்களும் கலந்த வம்சம். நெற்றியில் விபூதி, சுவரில் மாரியம்மன் படம், இடுப்பில் சாரோங், வாயில் மலாய். சாமி பெயரும் சொந்தக்காரர் பெயரும் தவிரத் தமிழ் வராது. ஆகவே அவளும் ஜெயபாலனும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். அவன் அவளைப் 'பீபி' என்பான். அந்தத் தெருவில் நடுவயதுப் பெண்கள் எல்லாருக்கும் அதுதான் மரியாதைப் பெயர். அவள் அவனைக் 'கிராணி' என்பாள்.

குடிவந்த முதல் நாள் சாயங்காலமே அவன் கூடத்துக்கு வந்து யாரையும் கேட்காமல் அந்த நாற்காலியில் சாய்ந்துவிட்டான். இரண்டு மாதமாக யாரும் உட்காராத நாற்காலி. சிவகாமசுந்தரி அகப்பையோடு சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டில்தான் தேவதாஸ் பிள்ளையின் தங்கை அஞ்சலை. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணன் நாற்காலியில வாடகைக்காரன் படுத்துக் கிடக்கிறான். நீயும் பாத்துக்கிட்டு இருக்கியே."

"ஆள் உக்காராத பிரம்புல பூச்சி அரிக்கும்."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் அவன்."

கட்டிலில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. நாற்காலியில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கண் அயரும். சாப்பாடும் அப்படித்தான். அவன் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், முட்டைகூடத் தொட்டதில்லை. அவனுக்கென்று தனிச் சட்டியில் சிவகாமசுந்தரி காய் சமைப்பாள். அவன் சோற்றைத் தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். "என் சமையல் மேல கோபமா, சோத்து மேல கோபமா?" என்பாள் அவள். அவன் தலையாட்டுவான். அந்த நாட்களில் எது கேட்டாலும் தலையாட்டினான்.

அரசாங்க உத்தியோகஸ்தர்கள் இனி மலாய்ப் பரீட்சை எழுத வேண்டியிருக்கும் என்று அலுவலகத்தில் பேச்சு. மலாய்ச் சொற்களுக்குத் தமிழ் அர்த்தம் எழுதித் தரும்படி கூட வேலை செய்கிறவர்கள் அவனிடம் கேட்டார்கள். அதை மட்டும் செய்துவந்தான். வீட்டுச் சாமான் பட்டியலில் ஒருநாள் தான் சாய்ந்திருந்த நாற்காலிக்கே வந்தான். மலாயில் அதற்குக் 'கெருசி மாலாஸ்' என்று பெயர். கெருசி, நாற்காலி. மாலாஸ், சோம்பல். 'சோம்பேறி நாற்காலி' என்று எழுதினான். தமிழ் சாய்வு என்று அந்த நாற்காலியின் முதுகைச் சொல்கிறது, மலாய் அதில் உட்காருகிறவனைச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

எழுதியதை வாசித்துச் சொல்லும்படி சிவகாமசுந்தரி கேட்டாள். அவன் அர்த்தத்தை மலாயில் விளக்கியதும் முகம் சுளித்தாள்.

"சோம்பேறியா? முப்பது வருஷம் ரப்பர் கிட்டங்கியில மூட்டை எண்ணின மனுசன் அதுல உக்காந்தார்."

"மாலாஸ்னா அதுதானே, பீபி?"

"நீ சோறு வேண்டாம்னு தள்ளுறியே, அப்ப என்ன சொல்றே?"

"மாலாஸ்னு சொல்றேன்."

"சோம்பேறித்தனமா அது?"

அவன் எழுதிய தாளைப் பார்த்தான்.

"மனசு எழும்பலேன்னு அர்த்தம். புத்தகம் படிச்சவன், இதுகூடத் தெரியலே" என்று சொல்லிவிட்டு அவள் மீன் கழுவப் போய்விட்டாள். அவன் எழுதியதை அடித்தான். அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

ஜனவரி வந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் சிட்டி வீடுகளில் பார்ச்சு. செத்துப்போனவர்களுக்குச் சாப்பாடு போடும் நாள். யார் யாருக்கு எது பிடிக்குமோ அதையெல்லாம் சமைத்து, கூடத்தில் தரையோரம் வரிசையாக வாழையிலை விரித்துப் பரிமாறுவார்கள். சாம்பிராணி போட்டு, விளக்கை வைத்துவிட்டு, வீட்டார் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். போனவர்கள் வந்து உட்கார்ந்து சாப்பிடும் நேரம் அது. ஒரு நாழிகை கழித்து மூன்று தடவை கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார்கள். போனவர்கள் ருசியை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். இலையில் சாப்பாடு வைத்தபடியே இருக்கும். அதைப் பிறகு வீட்டார் உண்பார்கள்.

தேவதாஸ் பிள்ளைக்கு அது முதல் பார்ச்சு. காலையிலேயே சமையல்கட்டில் சண்டை.

"எல்லாரோடயும் வரிசையில தரையில போடு. அதுதான் முறை" என்றாள் அஞ்சலை.

"அவரால சம்மணம் போட முடியாது. நாற்காலிக் கையில போடப்போறேன். கடைசி வருஷம் அங்கதானே சாப்பிட்டார்."

"செத்தவனுக்கு என்ன கால்வீக்கம்?"

"போகும்போது வீங்கித்தானே இருந்துச்சு. ஆறு மாசத்துல வடிஞ்சுபோச்சுன்னு உனக்கு யார் வந்து சொன்னா?"

அஞ்சலை வெங்காயத்தை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள்.

வேலைக்குப் புறப்பட்ட ஜெயபாலன் காப்பிக்காகச் சமையல்கட்டு வாசலில் நின்றான். சிவகாமசுந்தரி பாராங் மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். தமிழர்கள் முள்ளுவாளை என்கிற மீன். கத்தி நிற்காமலே பேசினாள்.

"கடைசி ஒரு மாசம் கஞ்சி தவிர எதுவும் கூடாதுன்னு ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொல்லிட்டான். இவர் தினமும் இந்த மீன்ல பிண்டாங் புளிக்குழம்பு கேட்டார். தினமும் இல்லேன்னேன். போன அன்னிக்குக் காலையிலயும் கேட்டார். கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கிட்டார். அதுக்கப்புறம் திரும்பலே." கத்தியைக் கீழே வைத்தாள். "பசியோட போயிட்டார், கிராணி. இன்னிக்கு வரணும். ஒரு வாய் சாப்பிட்டார்னு எனக்குத் தெரியணும். வேற ஒண்ணும் கேக்கலே."

பிறகு நினைவு வந்தவளாக, "சாயங்காலம் கூடத்துப் பக்கம் வராதே. ஏழு மணிக்கு மேல வா" என்றாள்.

அவன் தலையாட்டினான்.

ஐந்தரை மணிக்கு வழக்கம்போல் சைக்கிளில் வந்தான். காலையில் கேட்டது ஒன்றும் அவனிடம் மிச்சமில்லை. பக்கவாசல் வழியாகத் தன் அறைக்குள் நுழைந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, உள்கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தான். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. நாற்காலியின் உயர்ந்த முதுகு அவன் பக்கமாக இருந்தது. மங்கிய விளக்கு வெளிச்சத்தில் எதையும் கவனிக்காமல் சுற்றி வந்து உட்கார்ந்தான். சாம்பிராணி வாசனை வந்தது. எங்கே இருக்கிறோம், என்ன நேரம் என்று பார்க்காமல் கண்ணை மூடுவது அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

ஐந்து மாதத்தில் அப்படித் தூங்கியதில்லை. கிணற்றில் கல் விழுகிற மாதிரி போய்விட்டான்.

கண் விழித்தபோது வாய் அசைந்துகொண்டிருந்தது.

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. புளிப்பும் காரமும் நாக்கில் இருந்தன. வலதுகை முழங்கை வரை ஈரம். நாற்காலியின் அகலக் கையில் ஒரு வாழையிலை. அதில் சோறு இருந்த இடம் தெரிந்தது, சோறு இல்லை. இலையின் ஓரத்தில் முள் குவிந்திருந்தது, சீப்பிலிருந்து எடுத்த மயிர் போல.

மீன். பிறந்ததிலிருந்து தொடாதது. குமட்டும் என்று காத்திருந்தான். குமட்டவில்லை. வயிறு கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. அது என்ன என்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது. பசி தீர்ந்திருந்தது. பசி எப்போது வந்தது என்றே அவனுக்குத் தெரியாது.

தலையைத் திருப்பினான். விளக்கு வெளிச்சத்தில் சுவரோரமாக ஏழு இலைகள். ஒவ்வொன்றும் வேறு வேறு. ஒன்றில் அவித்த முட்டை இரண்டு. ஒன்றில் வெற்றிலை, இடித்த பாக்கு. ஒன்றில் குழந்தைக்குப் பிசைந்ததுபோல் சோற்றைக் குழைத்து, பக்கத்தில் ஒரு சின்ன மிட்டாய். எந்தக் காலத்திலோ போன குழந்தை. ஒன்றில் சுருட்டு பற்றவைத்து வைத்திருந்தது. அது பாதி எரிந்திருந்தது. புகை நேராக மேலே போயிற்று. யாருக்கு எது என்று இந்த வீடு ஒன்றைக்கூட மறக்கவில்லை. பந்தி நடந்துகொண்டிருந்தது. அந்தப் பந்தியில் அவனும் ஓர் ஆளாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவனுக்குப் பயம் வரவில்லை. கையைக் கழுவாமல், எழுந்திருக்காமல், மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை இருப்பதுதான் மரியாதை என்று பட்டது.

கதவு மூன்று தடவை தட்டப்பட்டது.

அப்போதுதான் காலையில் கேட்டதெல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்தது. அவன் எழுந்து உள்கதவு வழியாகத் தன் அறைக்குள் போய்விட்டான். கதவு இடுக்கில் நின்றான்.

சிவகாமசுந்தரி விளக்கோடு வந்தாள். நாற்காலி அருகே வந்து நின்றவள் அப்படியே நின்றாள். பின்னால் வந்த அஞ்சலை பூனையைத் தேடினாள்; ஜன்னலைப் பார்த்தாள்; எல்லாம் சாத்தியிருந்தன. குனிந்து முள்ளை விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"பூனை முள்ளை ஒதுக்கி வைக்குமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ஆறு துண்டு வச்சோம். ஒரு முள்ளுகூட ஒடியலே."

சிவகாமசுந்தரி தரையில் உட்கார்ந்து நாற்காலிக் காலைக் கட்டிக்கொண்டாள். "சாப்பிட்டுட்டார்" என்றாள்.

மறுநாள் பொங்கல். தெருவே வந்து நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போயிற்று. கோயில் காரியம் பார்க்கும் பொன்னுதுரை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். "ருசியைத்தான் எடுத்துக்குவாங்கன்னு எங்கப்பா சொல்வார். இப்படிக் கேட்டதே இல்லை" என்றார். யாரும் சத்தமாகப் பேசவில்லை. நாற்காலிமேல் மஞ்சள் துணி போர்த்தினார்கள். சிவகாமசுந்தரி அந்த வாரம் முழுவதும் வேறு மனுஷியாக இருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுவென்று பாடினாள். அஞ்சலைக்குப் புதுச் சாரோங் ஒன்று எடுத்துக் கொடுத்தாள். "அந்த முகத்தை இப்ப நினைச்சா, என் பக்கம் திரும்பியிருக்கிற மாதிரி இருக்கு, கிராணி" என்றாள்.

சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தான். சொன்னால் அந்த முகம் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். சொல்லவில்லை.

சனிக்கிழமை அவள் சந்தையிலிருந்து மறுபடி பாராங் மீனோடு வந்தாள்.

"வந்த மனுசனை ஒரு நாளோட விடலாமா? நாளைக்கும் இலை போடப்போறேன். அப்புறம் ஞாயிறுக்கு ஞாயிறு."

ஜெயபாலன் நினைத்துப் பார்த்தான். நாளை இலை போடுவாள். கதவைச் சாத்துவாள். திறக்கும்போது ஆறு துண்டும் அப்படியே இருக்கும். கோபித்துக்கொண்டார் என்று நினைப்பாள். கஞ்சிக் கிண்ணத்தை இன்னும் மன்னிக்கவில்லை என்று நினைப்பாள். இல்லாவிட்டால் அவன் இருட்டில் நுழைந்து மறுபடி தின்ன வேண்டும். அடுத்த ஞாயிறும். அதற்கடுத்த ஞாயிறும்.

ஞாயிறு சாயங்காலம் அவள் கதவைச் சாத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அஞ்சலை கோயிலுக்குப் போயிருந்தாள். அவன் வந்து இரண்டு படி தள்ளி உட்கார்ந்தான்.

"பீபி, அன்னிக்குச் சாப்பிட்டது நான்."

அவள் தெருவைப் பார்த்தபடியே இருந்தாள்.

"எதை?"

"நாற்காலிக் கையில இருந்த இலைச் சோத்தை. நீங்க சொன்னது மறந்துபோச்சு. வந்து தூங்கிட்டேன். முழிச்சப்போ கையெல்லாம் குழம்பு. நீங்க தட்டினதும் உள்ள ஓடிட்டேன்."

"நீ மீன் தின்னமாட்டியே."

"தூக்கத்துல. எப்படின்னு எனக்கே தெரியலே."

ஒரு சைக்கிள் ரிக்ஷா போயிற்று. அது முனை திரும்பும் வரை அவள் பார்த்தாள்.

"ஆறு நாளா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே."

"இருந்தேன்."

"பாட்டுக்கூடப் பாடினேன்."

"தப்புத்தான், பீபி. நாளைக்கே அறையைக் காலி பண்ணிடறேன்."

"அப்ப அவர் வரலே" என்றாள். அவனிடம் கேட்ட மாதிரி இல்லை. அவள் முகம் ஒரே நிமிஷத்தில் பழைய முகமாகிவிட்டது. அதைப் பார்க்கக் கூடாது என்று அவன் படியைப் பார்த்தான்.

அவள் எழுந்தாள். தட்டாமலே கதவைத் திறந்தாள்.

"உள்ள வா."

மஞ்சள் துணியை இழுத்து எறிந்தாள். "உக்காரு" என்றாள். அவன் உட்கார்ந்தான். நாற்காலிக் கையில் இலை. சோறு, வெள்ளரிக்காய், பிண்டாங் குழம்பில் ஆறு துண்டு. அவள் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்.

"அன்னிக்குச் சாப்பிட்ட மாதிரியே சாப்பிடு. நான் பாக்கணும்."

"எனக்கு ஞாபகம் இல்லை."

"கைக்கு இருக்கும். சாப்பிடு."

விழித்திருந்து மீனைத் தொடுவது வேறாக இருந்தது. விரல் பின்வாங்கியது. அவளுக்குச் செய்த தப்புக்கு இது குறைவுதான் என்று நினைத்துக்கொண்டு ஒரு துண்டை எடுத்தான். பாராங் மீனில் துண்டை எண்ணிவிடலாம், முள்ளை எண்ண முடியாது. நூல் மாதிரி, நுனியில் கிளை பிரிந்த முட்கள். பிறந்ததிலிருந்து தின்று பழகினவர்களே இலைமேல் கண்ணை வைத்துத் தின்கிற மீன். அவன் ரொட்டியைப் பிய்ப்பதுபோலக் குறுக்கே பிய்த்தான். முட்கள் எல்லாப் பக்கமும் ஒடிந்தன. சோற்றோடு சேர்த்து வாயில் வைத்தான். வாடை மூக்கில் ஏறியது. மெல்லாமல் விழுங்கப் பார்த்தான்.

தொண்டையில் குத்தியது. ஈறில் இன்னொன்று. இருமினான். கை இலையில் தட்டி இரண்டு துண்டு தரையில் விழுந்தது.

சிவகாமசுந்தரி விளக்கைக் கீழே வைத்தாள். ஒரு கையால் அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். மறுகையால் வெறும் சோற்றை எலுமிச்சை அளவு உருட்டினாள்.

"மெல்லாதே. அப்படியே முழுங்கு."

முதல் உருண்டைக்கு முள் இறங்கவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதற்கு இறங்கியது. ஈறில் நின்ற முள்ளை அவளே நகத்தால் எடுத்தாள். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. முள் போன பிறகும் நிற்கவில்லை. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

எடுத்த முள்ளை விளக்கின் பக்கம் நீட்டிப் பார்த்தாள்.

"அன்னிக்கு எத்தனை துண்டு இருந்துச்சு?"

"ஆறு."

"எத்தனை மிச்சம் வச்சே?"

"ஒண்ணும் இல்லை."

"எத்தனை முள்ளு குத்துச்சு?"

அவன் நாக்கால் வாயைத் துழாவினான். ரத்தம் கரித்தது. அன்றைக்கு எழுந்தபோது வாயில் புளிப்பும் காரமும் தவிர ஒன்றும் இல்லை. பிறகு அறையில் வாய் கொப்பளித்தபோதும் இல்லை. ஓரத்தில் முழு முழு முட்களாக அடுக்கியிருந்த குவியல் நினைவுக்கு வந்தது. இந்தக் கைக்கு அந்த வேலை தெரியாது.

"ஒண்ணும் குத்தலே" என்றான்.

சிவகாமசுந்தரி தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சிதறிக் கிடந்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"வயிறு நிறைஞ்சுதா?" என்று கேட்டாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "அன்னிக்கு."

"நிறைஞ்சுது, பீபி. நல்லா நிறைஞ்சுது."

அவள் தலையை மட்டும் அசைத்தாள். சாரோங் ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விழுந்த துண்டுகளைப் பொறுக்கி இலையில் வைத்து, இலையை மடித்து எடுத்தாள்.

"வெண்டைக்காய் இருக்கு. போடவா?"

"போடுங்க" என்றான் ஜெயபாலன். "சோறு கொஞ்சம் அதிகமாவே போடுங்க."

அவள் சமையல்கட்டுக்குப் போனாள். அவன் வலதுகையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அவள் வரும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.